சம்பியா அண்ணை எந்தப் பள்ளிக்கூடம்?

சனிக்கிழமை காலையில் என் போன் அடித்தால் அது இரண்டு பேரில் ஒருவராகத்தான் இருக்கும். ஒருவர், வீட்டு விலை இன்னும் இறங்குமா என்று கேட்பவர். மற்றவர் சம்பியா அண்ணை. நான் வீடு விற்று வாங்கிக் கொடுக்கும் முகவர். ஆகவே முன்னவருக்குக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் பதில் சொல்லவேண்டும். சம்பியா அண்ணைக்கு ஒரு சொல் போதும்.

"தம்பி, ஆள் குறையுதோ?"

குறைகிறது என்றால் சற்று நேரத்தில் மோர்னிங்சைட் பூங்காவில் வந்து நிற்பார். குறையவில்லை என்றால், "நல்லது, நல்லது, வடிவா விளையாடுங்கோ" என்று வாழ்த்திவிட்டு அடுத்த கப்டனுக்கு அடிப்பார். ரொறன்ரோவின் இந்த ஸ்காபரோப் பகுதியில் வார இறுதிகளில் கிரிக்கெட் விளையாடும் அத்தனை அணிகளின் கப்டன்மாருடைய நம்பரும் அவரிடம் இருந்தது. பற், பாட்ஸ், கையுறை எல்லாம் காரின் டிக்கியில் நிரந்தரமாகக் குடியிருந்தன. அவருடைய மனைவி கறிக்கு வாங்கிய வெங்காய மூட்டைதான் பின் சீற்றில் பெல்ற் போட்டுக்கொண்டு வரும்.

அவருடைய பெயர் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்வதில்லை. இங்கே ஏற்கெனவே ஒரு லண்டன் அண்ணையும் இரண்டு ஜேர்மன் அண்ணைமாரும் இருந்தார்கள். இவர் சம்பியாவில் கணிதம் படிப்பித்தவர், ஆகவே சம்பியா அண்ணை. நியாயமாகப் பார்த்தால் அந்தப் பெயர் போதாது. செப்புச் சுரங்க நகரம் ஒன்றில் தொடங்கி, மலாவி, சிம்பாப்வே, பொட்ஸ்வானா, கடைசியில் லெசோத்தோ என்று, பள்ளிக்கூட ஒப்பந்தம் முடிய முடிய நாடு மாறியவர். நாடு மாறினால் அணியும் மாறும். ஒரு நாட்டுக்குள்ளேயே கூட அவர் ஒரு அணியில் நிலைத்து நின்றதில்லை.

இதில் பெரிய வேடிக்கை, சம்பியாவில் போய் இறங்கும்வரை அவர் ஒரு பந்தைக்கூட ஒழுங்காகப் போட்டதில்லை. முதல் வாரமே சுரங்கத்து வெள்ளைக்கார இன்ஜினியர்மார் வீடு தேடி வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவனுக்கு மலேரியா. இலங்கையன் என்றால் கிரிக்கெட் தெரியாமல் இருக்குமா என்று அவர்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள்.

"தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே அண்ணை?"

"பத்துப்பேர் வாசல்லை வந்து நிக்கிறாங்கள் தம்பி. எப்பிடிச் சொல்லுறது?"

அன்று தொடங்கியது. அடுத்த வாரம் குஜராத்திக் கடைக்காரருக்கு ஆள் குறைந்தது, அவர்களுக்கு விளையாடினார். தேநீர் இடைவேளைக்கு முட்டைகூடத் தொடவில்லை, அது அவர்களுடைய அணியின் கட்டுப்பாடு. மலாவியில் கத்தோலிக்கப் பாதிரிமாருக்கு விளையாடினார்.

"நீங்கள் சைவமெல்லே அண்ணை?" என்று நான் கேட்டேன்.

"அண்டைக்கு நான் வேதக்காரன். பத்துப்பேர் சிலுவை போட்டுக்கொண்டு இறங்க, ஒருத்தன் மட்டும் சும்மா இறங்கினால் அம்பயர் என்ன நினைப்பார்?"

எனக்கு மிகவும் பிடித்தது பொலிசுக்கும் மறியற்சாலைக் காவலர்களுக்கும் நடந்த ஆட்டம்தான். அது எந்த நாடு என்பது கதை சொல்லும் நாளைப் பொறுத்து மாறும். பொலிசுக்கு விளையாடப் போனவரை, காவலர் அணியில் இரண்டு பேர் குறைகிறார்கள் என்று அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அங்கே மற்ற இடத்துக்கு மறியலுக்குள் இருந்தே ஒரு கைதியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அண்ணையும் கைதியும் சோடி சேர்ந்து ஆடினார்கள்.

"நல்ல பற்ஸ்மன். என்ன, அவன் ரண் எடுக்க ஓடேக்கை மட்டும் மைதானம் முழுக்க எழும்பி நிண்டு பாத்தது."

யாருக்காக இறங்கினாலும் அன்றைக்கு அவர் முழுக்க முழுக்க அவர்களுடைய ஆள். எங்கள் அணிக்கு விளையாடினால் எதிரணியைத் தன் பரம்பரை எதிரியாக்கிவிடுவார். அடுத்த வாரம் அதே எதிரணிக்கு விளையாடும்போது நான் அவருக்குப் பரம்பரை எதிரி. இரண்டு வாரமும் ஆட்டம் முடிந்ததும் ஒரே முகத்தோடு வந்து மட்டன் ரோல் சாப்பிடுவார். வென்றாலும் ரோல், தோற்றாலும் ரோல். தோல்வி அவரை அண்டியதே இல்லை, அது அந்தந்த அணிக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோகிற சாமான்.

இந்தக் குணத்தால் அவருக்கு வீட்டில் பட்டதும் உண்டு. லெசோத்தோவிலிருந்து மனைவி, மகளோடு ரொறன்ரோவுக்கு வந்து இறங்கியபோது, மனைவியின் தமையன்தான் தன் வீட்டுப் பேஸ்மெண்டில் இடம் கொடுத்தவர். அந்த மச்சானும் கிரிக்கெட் பைத்தியம். ஒருநாள் மச்சானின் எதிரணிக்கு ஆள் குறைந்தது. அண்ணை பந்து போட ஓடி வந்தார். பந்து போடுகிற முனையில் ஆடாமல் நின்ற மச்சான், ரண் எடுக்கிற ஆசையில் பந்து போட முதலே கோட்டை விட்டு வெளிக்கிட்டார். அண்ணை பந்தைப் போடவில்லை. நின்று, நிதானமாக விக்கெற்றைத் தட்டிவிட்டு அம்பயரைப் பார்த்தார். ஸ்காபரோவில் அதற்கு முதல் யாரும் யாரையும் அப்படி அவுட்டாக்கியதில்லை. அம்பயர் பயந்துபோய், உண்மையாகத்தான் கேட்கிறீர்களா என்று இரண்டு தரம் கேட்டார்.

"அவர் வீட்டிலை எனக்கு மச்சான். இஞ்சை அவர் நொன் ஸ்ரைக்கர்" என்றார் அண்ணை.

அதற்குப் பிறகு அண்ணையின் மனைவி என்னிடம் சொன்னார்: "மேலை அண்ணா நடக்கிற சத்தமே மாறிப்போச்சு தம்பி. எங்கடை தலைக்கு மேலை பாத்துப் பாத்து மிதிக்கிறார். உவர் எண்டால் கீழை இருந்து, பாவம், கால் நோகப்போகுது எண்டுறார்." பனி கொட்ட முதல் அவர்கள் வேறு பேஸ்மெண்ட் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக் கொடுத்தவன் நான்தான்.

தொழிலும் அவருக்கு வாய்த்ததுபோல் யாருக்கும் வாய்க்காது. இங்கே அவர் சப்ளை ரீச்சர். யாராவது ஆசிரியர் வரவில்லை என்றால் விடியற்காலையில் போன் வரும், அண்ணை சேர்ட்டை மாட்டிக்கொண்டு புறப்படுவார். சங்கீதம், தையல், உடற்பயிற்சி எல்லா வகுப்புக்கும் போயிருக்கிறார். ஒருமுறை பிரெஞ்சு வகுப்பு. ஒரு சொல்லும் தெரியாது. பிள்ளைகளை வரிசையாக எழுப்பி நூறு வரை எண்ண வைத்து, பின்னேரம் தானும் எண்ணிக்கொண்டு வந்தார். நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி மனைவி கரைச்சல் கொடுத்தபடி இருந்தார். அண்ணை அசையவில்லை. ஆள் குறைகிற இடத்தில்தான் தன் கை ஓடும் என்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வருடத்தில் ஒரேயொரு நாள் முகம் செத்துப்போகும். அது பழைய மாணவர் சுற்றுப்போட்டி நாள்.

யாழ்ப்பாணத்து ஆளை முதல் தரம் சந்தித்தால் எந்த ஊர் என்று கேட்பார்கள், அடுத்து எந்தப் பள்ளிக்கூடம் என்பார்கள். பிறகுதான் இருக்கச் சொல்வார்கள். ரொறன்ரோவுக்கு விமானம் ஏறும்போது நாங்கள் பள்ளிக்கூடங்களையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். அங்கே பெரிய பள்ளிக்கூடங்களுக்குக் கல்லூரி என்றுதான் பெயர். கோடையில் ஒருநாள் கல்லூரிக்கு ஒரு அணியாக, கொடி பிடித்து, கல்லூரிக் கீதம் பாடி, மைதானத்தைச் சுற்றி வந்து ஆடுவோம். அந்தந்தக் கல்லூரியில் படித்தவன் மட்டும்தான் ஆடலாம். எவ்வளவு ஆள் குறைந்தாலும் வெளியாளைச் சேர்க்க முடியாது. அன்றைக்குச் சம்பியா அண்ணையின் போனுக்கு எந்தக் கப்டனும் எடுப்பதில்லை.

அவர் படித்தது யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் பேருக்கு மகாவித்தியாலயம் என்று இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தது. இரண்டு மாடு கட்டினால் நிறைந்துபோகிற முற்றம், கிரிக்கெட் என்ற பேச்சே இல்லை. பிறகு அந்த இடம் இராணுவ வலயத்துக்குள் போக, ஊர்ச் சனம் பிரான்சுக்கும் சுவிசுக்கும் சென்னைக்கும் சிதறிவிட்டது. கனடாவில் அந்தப் பள்ளிக்கூடத்து ஆள் தான் ஒருவன்தான் என்று அவர் நம்பியிருந்தார்.

ஒரு வருடம் அணிகள் கொடியோடு ஊர்வலம் போகும்போது அவர் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். என்ன அண்ணை என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை" என்றவர் வேலியை விடாமலே சொன்னார். "பாதிரிமாருக்கும் விளையாடிப் பாத்திட்டன், மறியல்காரரோடையும் விளையாடிப் பாத்திட்டன் தம்பி. ஒருநாளைக்கு என்ரை பள்ளிக்கூடத்துக்கு விளையாடோணும்."

அவர் தனக்கென்று எதையும் கேட்டு நான் கேட்டதில்லை.

அடுத்த வருடம் என் கல்லூரி அணி என்னைக் கழற்றிவிட்டது. காரணம் என் வயிறு என்று சொல்லாமல், இளரத்தத்துக்கு இடம் கொடுக்கவேண்டும் என்றார்கள். ஸ்காபரோ முழுக்க இப்படி இளரத்தத்துக்கு இடம் கொடுத்தவர்கள் பலர் இருந்தோம். அண்ணை ஒவ்வொருவருடைய அணிக்கும் எப்போதோ ஒருநாள் வந்து ஆடிக் கொடுத்தவர். நாங்கள் ஏன் அவருடைய பள்ளிக்கூடத்துக்கு ஆள் குறைய விட வேண்டும் என்று கேட்டேன். ஒரு வாரத்தில், அண்ணையையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் தேறிவிட்டோம். ஒருவருக்கும் அந்தப் பள்ளிக்கூடம் எந்தத் திசையில் இருந்தது என்றே தெரியாது.

போட்டிக் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். சந்தேகம் வந்தால் குறுக்கு விசாரணை செய்வார். ஆகவே அண்ணை வீட்டில் வகுப்பு நடந்தது.

"தலைமை வாத்தியாருக்கு ஒரு காது கேளாது. எந்தக் காது எண்டு கேட்டால் இடது எண்டு சொல்லுங்கோ. கக்கூஸ் எந்தப் பக்கம் எண்டு கேட்டால் கவனம். கக்கூஸ் இல்லை. அதுதான் உண்மையா படிச்சவனைப் பிடிக்கிற கேள்வி."

எங்களில் இளையவன் மோர்னிங்சைட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். தபாலதிபர் நேராக அவனிடம்தான் போனார்.

"தம்பி, உமக்கு என்ன வயது?"

"நைன்ரீன், அங்கிள்."

"பள்ளிக்கூடம் நீர் பிறக்க முதலே பூட்டுப்பட்டிட்டுதே?"

"ஐ மீன், ஸ்பிரிச்சுவலி நான் அங்கைதான் படிச்சனான்."

அண்ணை குறுக்கே பாய்ந்து, அவனுடைய தாய் படித்தவர் என்றார். தபாலதிபர் எங்கள் ஒவ்வொருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு அணியைப் பட்டியலில் எழுதிக்கொண்டார். பின்னால்தான் தெரிந்தது, அவருக்கும் அந்த முறை ஒரு அணி குறைந்திருந்தது. ஏழு அணிகளை வைத்துக்கொண்டு ஆட்டங்களைப் பிரிக்க முடியாமல் மனிதர் திண்டாடிக்கொண்டிருந்தார்.

போட்டி நாள் காலையில் ஊர்வலம் முடிந்த கையோடு, மடக்குக் கதிரைகளும் பெரிய கூலர் பெட்டி ஒன்றுமாக இரண்டு பெண்கள் எங்களை நோக்கி வந்தார்கள். அக்காவும் தங்கையும், அறுபதை ஒட்டிய வயது. பக்கத்து நகரமான அஜக்ஸில் இருக்கிறார்கள். தமிழ் ரேடியோவில் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேட்டுவிட்டு, விடிய எழும்பிப் புட்டு அவித்து, ஆட்டிறைச்சிக் கறியும் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

"நாங்களும் அந்தப் பள்ளிக்கூடம்தான்" என்றார் அக்கா.

அண்ணை வாயைத் திறந்தபடி நின்றார். நாங்களும்தான், ஆனால் எங்கள் காரணம் வேறு. தபாலதிபரை ஏமாற்றலாம், இவர்களை எப்படி ஏமாற்றுவது? அக்கா எங்கள் அணியில் முதலில் அகப்பட்ட, மன்னாரைச் சேர்ந்த ஒரு பையனைப் பிடித்தார்.

"நீ ஆற்றை மோன்? அப்பா ஆர்?"

அவன் நடுங்கிப்போய், "தலைமை வாத்தியாருக்கு இடது காது கேளாது" என்றான்.

"ஆர் சொன்னது? வலது காது. நான் அவரின்ரை பெறாமகள், தம்பியின்ரை மோள், எனக்குத் தெரியாதோ?"

"இடது!" என்றார் அண்ணை.

"வலது!"

இருவரும் சத்தம் போட்டார்கள். தலைமை வாத்தியார் எந்தக் காதைத் திருப்பிப் பதில் கேட்பார் என்று இருவரும் நடித்தே காட்டினார்கள். அவ்வளவு ஆசையோடு அண்ணை சண்டை பிடித்து நான் பார்த்ததில்லை. கடைசியில் அக்கா எங்களைச் சுற்றிப் பார்த்து, "உதிலை ஒருத்தனும் எங்கடை ஊர் இல்லை" என்றார். பிறகு, "பறவாயில்லை, இண்டைக்கு எங்கடை பிள்ளையள்" என்று கதிரையை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் முதல் ஆட்டம் என்னுடைய கல்லூரியோடு. தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். நாணயம் சுண்ட முதல் அவர்களுடைய கப்டன் வந்தான். ஒஷாவாவிலிருந்து வந்துகொண்டிருந்த அவர்களுடைய ஆள் ஒருவன் 401 நெடுஞ்சாலையில் விபத்து நெரிசலுக்குள் அகப்பட்டுவிட்டான். வெளியாளைச் சேர்க்க முடியாது. மைதானத்தில் அந்தக் கல்லூரியில் படித்தவன், சும்மா நிற்பவன் என்று பார்த்தால் நான் ஒருவன்தான். எங்களிடம் பன்னிரண்டு பேர் என்பது அவனுக்குத் தெரியும்.

"அண்ணை, நான் போகமாட்டன். வேண்டாமெண்டு கழட்டினவங்கள்" என்றேன்.

சம்பியா அண்ணை என்னையும் பார்த்தார், தன் பள்ளிக்கூடத்துக் கொடியையும் பார்த்தார். அவருக்கு அது லேசான காரியமில்லை, எங்களில் கொஞ்சமாவது பந்தைப் பிடிக்கத் தெரிந்தவன் நான்தான்.

"ஆள் குறையுதெண்டு வாசல்லை வந்து நிக்கிறாங்கள். இல்லையெண்டு எப்பிடியடா சொல்லுறது? போ. போனால் அவையளுக்கு ஒழுங்கா விளையாடு. எங்களை நினைக்கக்கூடாது."

தபாலதிபர் ஓடிவந்தார். "நீர் அந்தப் பள்ளிக்கூடமெல்லோ?"

"ஓம். அஞ்சாம் வகுப்பு வரை அங்கை. ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணி இந்தக் கல்லூரிக்கு வந்தனான்" என்றேன். அவருக்கு அதில் பிழை பிடிக்க முடியவில்லை, யாழ்ப்பாணத்தில் பாதிப் பேருடைய கதை அதுதான்.

முதலில் என் கல்லூரி ஆடியது. அண்ணை கப்டன். ஆனால் வாழ்நாள் முழுக்க இரவல் ஆட்டக்காரனுக்குக் கொடுக்கிற மூலையில் நின்ற பழக்கத்தில், யாரும் சொல்லாமலே நேராகப் போய் எல்லைக்கோட்டு மூலையில் நின்றுகொண்டார். பந்து வீசுபவன் காத்திருந்தான். எல்லோரும் காத்திருந்தோம். கடைசியில் மோர்னிங்சைட் பையன் கத்தினான்: "அங்கிள், யூ ஆர் த கப்டன்! ஃபீல்ட் செற் பண்ணுங்கோ!"

அதேபோல் பற் பிடிக்கவும் தன் பெயரைப் பதினோராவதாகப் போட்டிருந்தார். அவருடைய ஆட்கள் அவரைப் பிடித்துத் தள்ளி முதலாவதாக இறக்கினார்கள். இறங்கியவர் ஆடினார். எத்தனையோ நாட்டு மைதானங்களில் அந்நியருக்காகப் பழகிய ஆட்டம் எல்லாம் அன்றைக்கு ஒன்றாக வந்தது. மற்றவர்கள் வருவதும் போவதுமாக இருக்க, அவர் அசையவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அஜக்ஸ் சகோதரிகள் எழுந்து கை தட்டினார்கள். அண்ணையின் பக்கம் விக்கெற் விழுந்தாலும் அவர்கள் கை தட்டினார்கள் என்பது வேறு விஷயம், இருவரும் கிரிக்கெட் பார்ப்பது அதுதான் முதல் தரம்.

கடைசி ஓவர். ஒரு விக்கெற்தான் மிச்சம், ஒரு நாலு அடித்தால் அவருடைய பள்ளிக்கூடம் வெல்லும். அண்ணை இறங்கி வந்து தூக்கி அடித்தார். பந்து நான் நின்ற பக்கம்தான் வந்தது.

மேலே போன பந்து இறங்க நேரம் எடுத்தது. வெயில் கண்ணில் பட்டது என்று சொல்லலாம். வயிறு தடுத்தது என்று சொன்னால் ஒருவரும் மறுக்கமாட்டார்கள். விட்டுவிடு, விட்டுவிடு என்று மனம் சொன்னது உண்மை. ஆனால் எங்களை நினைக்கக்கூடாது என்று அனுப்பிவைத்த மனிதர் மறுமுனையில் நிற்கிறார். அவரிடம் பொய்யாக விளையாடிக் காட்ட என்னால் முடியவில்லை. பந்து கைக்குள் வந்தது, கை மூடிக்கொண்டது.

என் கல்லூரிக்காரர் என்னைத் தூக்க முயன்று கைவிட்டார்கள். அண்ணை வெளியே போகாமல், பற்றை இழுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். நல்ல கட்ச் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"விட்டிருக்கலாமேடா" என்றார்.

"அண்ணை, நீங்கள்தானே ஒழுங்கா விளையாடச் சொன்னனீங்கள்?"

"சொன்னனான்தான். சொன்னால் நீ பிடிக்கிறதோ? எங்கடை பள்ளிக்கூடமடா!"

கண்கள் நிறைந்துவிட்டன. உதடு துடித்தது. மச்சானையே அவுட்டாக்கிவிட்டு ரோல் சாப்பிட்ட மனிதர், ஒரு சுற்றுப்போட்டியின் முதல் ஆட்டத்தில் தோற்றுவிட்டு சின்னப் பிள்ளைபோல் மூக்கை உறிஞ்சினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் வலித்தது. ஐந்து நாடுகளில் யார் யாருக்கோ தோற்றவருக்கு, தோற்றால் இப்படித்தான் இருக்கும் என்று அன்றுவரை தெரிந்திருக்கவில்லை. மோர்னிங்சைட் பையன் வந்து அவருடைய தோளில் கை போட்டு அழைத்துப் போனான். போகும்போது அவனும் என்னை முறைத்தான்.

பசித்துக் கிடந்ததால் கொஞ்சம் பொறுத்து நானும் அந்தப் பக்கம் போனேன். கூலர் பெட்டி திறந்திருந்தது. அஜக்ஸ் அக்கா வரிசையாகப் புட்டும் இறைச்சியும் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் அண்ணை, சுற்றிவர அவருடைய பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள். எந்தப் பந்தை எப்படி அடித்திருக்கவேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கடதாசித் தட்டை எடுத்து நீட்டினேன். அக்காவுக்கு மனம் இளகியது. கரண்டியில் இறைச்சியை அள்ளியபடி அண்ணையைப் பார்த்தார்.

அண்ணை வாய்க்குள் இருந்ததை மென்று முடித்தார்.

"குடுக்காதேங்கோ அக்கா" என்றார். "அவன் எங்கடை ஆள் இல்லை."

நான் வெறும் தட்டோடு என் கல்லூரிப் பக்கம் நடந்தேன். பசியில் கால் தள்ளாடியது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வீட்டு வாசலிலிருந்தும் திரும்பி நடந்ததில்லை.